பிரேக் போட்டால் கும்பிடாத வண்டி

எங்கள் தொழிற்சாலையில் அவருக்கு இரண்டு பெயர். எதிரில் "மேடம்", முதுகுக்குப் பின்னால் "ஷாக்கு". மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போய்வரும் இரண்டு குழாய்கள் இருக்கின்றனவே, ஃபோர்க் என்றோ ஷாக் அப்சார்பர் என்றோ எல்லாரும் சொல்வது, அதுதான் அவருடைய வேலை. இருபத்தொன்பது வருஷமாக அது மட்டும்தான் வேலை. அந்த இரண்டாவது பெயர் அவருக்குத் தெரியாது என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் கேன்டீன் வரிசையில், "ஷாக்கு வந்திருக்கேன், கொஞ்சம் வழி விடுங்க" என்று அவரே சொன்னார். அன்றைக்கு யாரும் தலைநிமிர்ந்து சாப்பிடவில்லை.

நான் அப்போது அதே மாடியில் பர்ச்சேஸில் இருந்தேன். எங்கள் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். அவர் சலித்துக்கொள்வது அத்தனையும் என் காதில் விழும். அதில் வகைகள் உண்டு. சின்னதாக ஒரு "ப்ச்" வந்தால் யாரோ வரைபடத்தில் அளவைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். நீளமாக வந்தால் ஆயில் சீல் மறுபடியும் கசிகிறது, அடுத்த நிமிஷம் என் தொலைபேசி அடிக்கும். ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சத்தமே இல்லாமல் ஜன்னலுக்கு வெளியே சோதனைப் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாரென்றால், மேலிடத்திலிருந்து யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"கியர் பெட்டியைப் பத்தி யாராவது வாயைத் திறக்கறாங்களா?" என்பார். "திறக்க மாட்டாங்க. உள்ளே இருக்கு, தெரியாது. இது முன்னாடி வெளியில நீட்டிக்கிட்டு நிக்குது. அதனால போறவன் வர்றவன் எல்லாருக்கும் இதுல ஒரு கருத்து."

இருபத்துமூன்று வயதில் வரைபட அறையில் நகல் எடுக்கிற வேலைக்கு வந்தவர் அவர். படிப்பை மாலை வகுப்பில் முடித்தார். மூன்று டைரக்டர்களைப் பார்த்துவிட்டார். மூன்று பேரும் வந்த முதல் வாரத்தில் அவரைக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: எல்லாம் மாறிவிட்டதே, இந்த இரண்டு குழாய் மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது? மூன்று பேருக்கும் அவர் பதில் சொல்லியிருக்கிறார். மூன்று பேரும் தலையாட்டிவிட்டு, குழாய்க்கு வேறு வர்ணம் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. அவருடைய தங்கை முட்டை மொத்தமாக எடுத்துக் கடை கடையாகப் போடுகிறவர். அக்கா வேலை பார்க்கிற கம்பெனி என்று நம்பி எங்கள் வண்டியைத்தான் வாங்கியிருந்தார். பின்னால் பத்துத் தட்டு, முன்சக்கரத்துக்கு மேலே ஒரு இரும்புச் சட்டம் அடித்து அதில் ஆறு தட்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார்.

"அக்கா, இந்த வாரம் நாற்பத்தொண்ணு உடைஞ்சுது."

"முன்னாடி அவ்வளவு வெயிட் வைக்காதேன்னு எத்தனை தடவைடி சொல்றது?"

"எல்லாத்தையும் பின்னாடி வெச்சா முன்சக்கரம் மேல தூக்குது. முன்னாடி வெச்சா பிரேக்கைத் தொட்டதும் கும்பிடு போடுது. தலைல வெச்சுக்கிட்டா போறது? இத்தனை வருஷமா அந்த ரெண்டு குழாயைக் கட்டிக்கிட்டு மாரடிக்கறியே, நீ என்னத்தைத்தான் கிழிச்ச?"

தங்கை புருஷன் இன்னொரு வகை. அவர் கேள்வி கேட்க மாட்டார், வைத்தியம் செய்துவிடுவார். ஃபோர்க்கில் இருக்கிற எண்ணெயை வடித்துவிட்டுக் கெட்டியான எண்ணெயை ஊற்றினார். அப்புறம் ஸ்பிரிங்குக்கு மேலே வாஷர்களை அடுக்கி இறுக்கினார். வண்டி கும்பிடுவதை நிறுத்தியது. ஆனால் மரப்பலகையாக ஆகிவிட்டது. சாலையில் கிடக்கிற சின்னக் கல்லும் நேராக முட்டைக்குப் போனது. அந்த வாரம் அறுபது.

"மாப்பிள்ளை, தயவுசெஞ்சு அதையெல்லாம் கழட்டிடுங்க."

"இறுக்கமா இருந்தாத்தானேக்கா உறுதி?"

மேடம் சாப்பிட்ட கையோடு எழுந்து போய் மொட்டைமாடியில் நின்றுகொண்டதாக மறுநாள் என்னிடம் சொன்னார். "தெரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுத்துடலாம். பாதி தெரிஞ்சவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

நான்காவது டைரக்டர் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியிலிருந்து வந்தார். சுறுசுறுப்பானவர், நல்ல மனிதர், உட்கார்ந்து பேசவே மாட்டார். வந்த ஐந்தாவது நாள் கூட்டம் போட்டார். தன் போனில் இருந்த ஒரு படத்தைத் திரையில் காட்டினார். ஏதோ கண்காட்சியில் எடுத்தது. அந்த வண்டிக்கு முன்னால் குழாய்களே இல்லை. சக்கரத்தின் நடுவிலிருந்து இரண்டு கைகள் பின்னோக்கிப் போய் எஞ்சினுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தன.

"இதுதான் நமக்கு வேணும். எல்லாம் மாறியாச்சு. இந்த ரெண்டு குழாய் மட்டும் ஏன் அப்படியே இருக்கு?"

நான் மேடத்தைப் பார்த்தேன். கண்ணாடி மேஜைக்கு வந்துவிட்டது. ஜன்னல் அந்த அறையில் இல்லை. அதனால் பேசினார்.

"சார், முதல் மோட்டார் சைக்கிள்கள்ல முன்னாடி ஒண்ணுமே கிடையாது. சைக்கிள்ல இருக்கிற கெட்டி ஃபோர்க்தான். ஓட்டறவங்க மணிக்கட்டுதான் ஷாக் அப்சார்பர். அப்புறம் ஏணி மாதிரி ஒரு சட்டத்தைச் செஞ்சு, நாலு சின்னக் கைகள்ல தொங்கவிட்டு, ஹேண்டிலுக்குக் கீழே ஒரே ஒரு ஸ்பிரிங் வெச்சாங்க. குதிக்கறதைக் குறைக்க ஒரு திருகு. ரோட்டைப் பார்த்துட்டுக் கையால திருகிக்கணும். அந்தக் கைகள்ல எல்லாம் வாரா வாரம் கிரீஸ் அடிக்கணும், இல்லேன்னா ஆடும். முப்பதுகள்ல ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய், நடுவுல ஸ்பிரிங்கும் எண்ணெயும்னு வந்துது. விலை கம்மி, எடை கம்மி, பார்க்க லட்சணம். அம்பதுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாரும் இதுக்கு வந்துட்டாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். அம்பதுல வந்தது."

"இருங்க சார். இதுல குறை இருக்கு. பிரேக் பிடிச்சா கனம் முழுக்க முன்னாடி வருது. போதாததுக்கு, குழாய் சாய்வா நிக்கறதால சக்கரத்தைத் தரை பின்னாடி தள்ளற தள்ளலும் குழாயோட நீளத்துக்கே பாய்ஞ்சு அமுக்குது. மூக்கு கீழே போகுது. பள்ளம் வந்தா அமுங்கறதுக்கு மிச்சம் இடம் இல்லை. குழாயும் வளைஞ்சு கொடுத்து உள்ளேயே கவ்விக்குது. இது எல்லாருக்கும் தெரியும். எண்பதுகள்ல பிரேக்கோட சேர்த்து ஒரு வால்வை வெச்சு எண்ணெயை அடைச்சுப் பார்த்தாங்க. நாலஞ்சு வருஷத்துல கழட்டிப் போட்டுட்டாங்க. நீங்க காட்டற இந்தப் படமும் புதுசு இல்லை. நூறு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்காங்க. அப்பப்ப யாராவது மறுபடி செய்யறாங்க. ஹேண்டிலுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல எத்தனை மூட்டு இருக்கு எண்ணிப் பாருங்க. ஒவ்வொண்ணும் தேயும். வண்டி ஒரு சந்துல திரும்பாது. பஞ்சர் ஒட்டணும்னா கடைக்காரர் கும்பிட்டு அனுப்பிடுவார்."

டைரக்டர் நடப்பதை நிறுத்தினார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மாற்றத்துக்கு எதிரி மாதிரிப் பேசறீங்க."

கூட்டம் முடிந்ததும் மேடம் நேராக என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. "எதிரியாம்," என்றார். "நான் எதிரியாம். இந்தக் குழாய் மேல எனக்கு இருக்கிற கோபம் அந்த மனுஷனுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது."

அடுத்த திங்கட்கிழமை ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனார். பழைய குழாய்க்கும் டைரக்டர் காட்டிய படத்துக்கும் இடைப்பட்ட ஒன்று. கெட்டியான இரண்டு கால்கள் சக்கரத்துக்குப் பின்பக்கமாகக் கீழே இறங்கும். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு சாண் நீளக் கை, கீல் போட்டது, முன்னோக்கி நீளும். அந்தக் கைகளின் நுனியில் சக்கரம். கையைத் தாங்க ஒரு ஸ்பிரிங். பிரேக் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் இருக்க ஒரு இரும்புக் கம்பி. அதன் ஒரு முனை தட்டின் மேல்பக்கத்தில், மறுமுனை காலில். பிரேக் பிடித்ததும் அந்தக் கம்பி இழுபடும். அந்த இழுப்பே வண்டியின் மூக்கைக் கீழே போகவிடாமல் தாங்கும்.

"இது பழசு மாதிரி இருக்கே," என்றார் டைரக்டர்.

"பழசுதான் சார். நீங்க காட்டினதும் பழசுதான். ஆனா இதை நம்ம ஆளுங்களால செய்ய முடியும்."

எட்டு மாதம் கொடுத்தார்கள். டைரக்டர் அதற்கு "மிதக்கும் முகப்பு" என்று பெயர் வைத்துத் திரையில் போட்டுக் காட்டினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து நீளமான "ப்ச்" வந்தது.

முதல் வண்டி ஐந்தாம் மாதம் தயாரானது. ஓட்டிப் பார்க்க வந்தவரை எல்லாரும் "பைலட்" என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான ஆள், இருபது வருஷமாக எங்கள் சோதனைப் பாதையில் சுற்றிக்கொண்டிருப்பவர். எந்த வண்டியை ஓட்டினாலும் இறங்கியதும் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்வார். அன்றைக்கு மூன்று சுற்றுப் போய்விட்டு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"மேடம், முன்னாடி செத்துப் போச்சு."

"என்ன செத்துப் போச்சு?"

"பிரேக் போட்டா வண்டி குனியணும். இது நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நிக்குது. நின்னுட்டேனா நிக்கலையான்னே தெரியலை."

மேடம் பிரேக் தூரம் அளந்து எழுதிய காகிதங்களை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். வழவழப்பான தரையில் பழைய வண்டியும் இதுவும் ஒரே தூரத்தில் நின்றிருந்தன. வரி வரியாக மேடு போட்டிருக்கும் தரையில் இது ஒன்றரை மீட்டர் முன்னாலேயே நின்றிருந்தது. சக்கரம் தரையை விடவில்லை, அதனால்.

"நம்பர் பொய் சொல்லுமா?"

"சொல்லாது மேடம். ஆனா நம்பரா ஓட்டுது? நான்தானே ஓட்டறேன்."

இந்தச் சண்டை ஏழு வாரம் நடந்தது. மேடம் ஸ்பிரிங்கை மாற்றுவார், எண்ணெயை மாற்றுவார். பைலட் ஓட்டிவிட்டு வந்து "செத்துப் போச்சு" என்பார். ஒரு கட்டத்தில் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று மேடம் தடை போட்டார். அதற்குப்பிறகு பைலட் இறங்கி வந்து உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். அது இன்னும் மோசமாக இருந்தது.

கடைசியில் ஒரு காலை, பதினொரு மணி இருக்கும், மேடமே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். அவர் அந்தப் பாதையில் ஓட்டிப் பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. பைலட் ஏதோ சொல்ல வந்தார். "நீங்க பேசாதீங்க" என்றார் மேடம்.

இரண்டு சுற்று அழகாகப் போனார். நாங்கள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது சுற்றில் வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்திருக்கிறார். மூக்கு குனியவில்லை. பிரேக் இன்னும் பிடிக்கவில்லை என்று கை நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்திவிட்டது. இருபத்தொன்பது வருஷம் படித்த தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. முன்சக்கரம் சுற்றுவதை நிறுத்தி வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

பைலட்தான் முதலில் ஓடிப் போய்ச் சேர்ந்தார். குனிந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாராம்: "மேடம், இப்ப புரியுதா?"

"முதல்ல தூக்குங்கய்யா. அப்புறம் கேளுங்க."

வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவருடைய கணவர் ஒரு நூலகத்தில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டைப் பார்த்துவிட்டு, "அந்தப் பாதையில ஓட்டறதுக்குன்னே ஒருத்தரை வேலைக்கு வெச்சிருக்கீங்க இல்லையா?" என்று மட்டும் கேட்டாராம். தங்கை வந்து பழம் உரித்துக் கொடுத்தார், கூடவே பேச்சும். "முட்டைதான் உடையுதுன்னு பார்த்தா இப்ப நீயும் உடைஞ்சு வந்து உக்காந்திருக்கே."

வீட்டில் இருக்கும்போது அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை என்று கணவர் பிற்பாடு எங்களிடம் சொன்னார். இடது கையால் சாப்பிடத் தெரியாது, எழுதத் தெரியாது, பென்சில் சீவத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் கோபம். ஆனால் உண்மையான கோபம் தன் மேல்தான். அந்தக் குனிவைத் திட்டியே காலத்தைக் கழித்தவர் அவர். அது ஒரு குறை, அதை ஒழிக்கவேண்டும், அவ்வளவுதான். ஓட்டுகிறவர்களுக்கு அது ஒரு தகவல் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எவ்வளவு பிரேக் பிடித்திருக்கிறோம், இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைக் கண்ணும் கையும் அந்தக் குனிவை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. பைலட் ஏழு வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லத்தான் தெரியவில்லை. கேட்கவும் இவருக்குத் தெரியவில்லை.

பதினெட்டாவது நாள் கட்டோடு வேலைக்கு வந்துவிட்டார். இடது கையால் போட்ட ஒரு படத்தை வரைபட அறைக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வண்டியா, வெட்டுக்கிளியா?" என்று கேட்டு அனுப்பினார். மேடம் நேரிலேயே போய்ச் சொன்னார். காலில் அந்தக் கம்பி மாட்டுகிற இடத்தில் ஒரே ஓட்டைக்குப் பதிலாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக நான்கு ஓட்டை வேண்டும். கீழ் ஓட்டையில் மாட்டினால் கம்பி மூக்கை விறைப்பாகத் தாங்கும். மேலே ஏற்ற ஏற்றக் கம்பி கையோடு இணையாகிக்கொண்டே போகும், தாங்குவது குறையும், வண்டி குனியும். எவ்வளவு குனியவேண்டும் என்பதைப் பைலட் சொல்லட்டும்.

எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று பைலட்டிடம் சொல்லவில்லை. மேடம் ஒரு துணியைச் சுற்றி மறைத்துவிட்டார். முதல் நாள் அவர் பிடித்திருக்கிறது என்று சொன்னது கீழிருந்து மூன்றாவது ஓட்டை. மதியம் மாற்றி மாற்றிக் கொடுத்தபோதும் மூன்றாவதுதான். மேடத்தின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு வெளிச்சம். மறுநாள் காலை அதே மனிதர் நல்லது என்று சொன்னது இரண்டாவது ஓட்டையை.

"நேத்து மூணுன்னீங்க!"

"நேத்து எதுன்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்? நீங்கதான் துணி கட்டி வெச்சிருக்கீங்களே. இன்னிக்கு இது நல்லாயிருக்கு."

மாவுக்கட்டால் ஓங்கி ஒன்று வைப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அரைநாள் தேடியபிறகு தெரிந்தது: முன் டயரில் காற்றுக் குறைந்திருந்தது. காற்றடித்துவிட்டுக் கொடுத்ததும் மூன்று. மறுநாளும் மூன்று. மேடு போட்ட தரையில் பழைய வண்டியைவிட இன்னமும் ஒரு மீட்டருக்கு மேல் முன்னால் நின்றது. பைலட் ஹெல்மெட்டைக் கழற்றி, "உசிரு வந்துடுச்சு" என்றார். மேடம் திரும்பி நின்றுகொண்டு மூக்கைச் சிந்தினார். சளி பிடித்திருக்கிறது என்றார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். ஷோரூம்காரர்களுக்குப் படம் காட்டியிருக்கிறார்கள். பழங்காலத்து வண்டி மாதிரி இருக்கிறது, இளைஞர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நல்ல முயற்சி மேடம். ஆனா இதை இத்தோட நிறுத்திக்கலாம். பழைய ஃபோர்க்குக்கே தங்க நிறத்துல பூச்சுக் குடுத்தா..."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தார்.

"சார், என்னை மாற்றத்துக்கு எதிரின்னு சொன்னது நீங்கதானே?"

அவர் சங்கடப்பட்டார்.

"நான் வேண்டாம்னு சொன்னப்ப நீங்க வேணும்னீங்க. என் கையை ஒடிச்சுக்கிட்டு அதைச் சரி பண்ணி எடுத்துட்டு வந்தா, இப்ப நீங்க வேண்டாங்கறீங்க. ஒரே ஒரு மணி நேரம் குடுங்க. பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை காலை தங்கை வந்தார். பன்னிரண்டு தட்டு முட்டை, கூடவே அவர் புருஷன். வாசல் காவலாளி முட்டையை எந்தப் படிவத்தில் எழுதி உள்ளே விடுவது என்று தெரியாமல் கால்மணி நேரம் நிறுத்திவைத்ததில் தங்கை ஏற்கெனவே கொதித்துப்போய் இருந்தார். பழைய வண்டியில் ஆறு தட்டு, புது வண்டியில் ஆறு தட்டு, இரண்டிலும் முன்சக்கரத்துக்கு மேலேயே. பைலட் ஓட்டட்டும் என்றார் டைரக்டர். "அவர் ஓட்டினா அவர் முட்டை. என் முட்டையை நான்தான் ஓட்டுவேன்" என்றார் தங்கை.

முதலில் பழைய வண்டி. மேடு போட்ட தரையில் வந்து கோட்டருகே பிரேக் பிடித்தார். வண்டி கும்பிடு போட்டது, அடிவரை அமுங்கி "டொக்" என்று இடித்தது. கீழ்த் தட்டிலிருந்து மஞ்சள் ஒழுக ஆரம்பித்தது. இருபத்தாறு. அப்புறம் புது வண்டி. அதே வேகம், அதே கோடு. மூக்கு ஒரு விரல்கடை இறங்கியது, அங்கேயே நின்றது, சக்கரம் மட்டும் கீழே மேடுகளில் தடதடவென்று ஏறி இறங்கிக்கொண்டு வந்தது. மூன்று.

"அதுல ஒண்ணு ஏற்கெனவே கீறல் விட்டது," என்றார் தங்கை.

"நான் பார்த்துத்தான் அடுக்கினேன்," என்றார் அவர் புருஷன்.

"நீங்க பார்த்து அடுக்கின லட்சணம்தான் தெரியுமே."

டைரக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். "எல்லாம் சரி. ஆனா பார்க்க நல்லா இல்லையேம்மா."

தங்கை ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "நான் மேல உக்காந்திருக்கேன் சார். எனக்கு அது தெரியவே போறதில்லை."

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. சரக்கு ஏற்றுகிறவர்களுக்கான வண்டியில் மட்டும் அந்த முகப்பு; மற்ற எல்லாவற்றுக்கும் பழைய ஃபோர்க். மேடம் வருத்தப்படுவார் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். "எதுக்கு வருத்தம்? அதுங்களுக்கு அந்தக் குழாயே போதும். ஒரு ஆளு, ஒரு பை. கும்பிட்டா கும்பிட்டுட்டுப் போகட்டும்" என்றார். டைரக்டர் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, எல்லாரும் எதிர்த்தபோதும் தான் விடாப்பிடியாக நின்றதாகச் சொன்னார். அந்தப் பத்திரிகையை என் மேஜையில் கொண்டுவந்து போட்டுவிட்டு மேடம் போனார்.

வண்டி வெளியே போய் ஏழெட்டு மாதத்தில் புகார் வர ஆரம்பித்தது. பிரேக் கம்பியின் போல்ட் வளைகிறதாம். போல்ட் வாங்குவது நான், வரைந்தது அவர். இரண்டு பேரும் கிளம்பி நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் ஒரு ரிப்பேர் கடைக்குள் நுழைந்தோம். மெக்கானிக் எங்கள் வண்டி ஒன்றுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். யார் என்று கேட்கக்கூட இல்லை.

"இதை வரைஞ்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"கிடைச்சாச்சு. சொல்லுங்க," என்றார் மேடம்.

அவர் வெளியே நகர்ந்து வந்து பார்த்தார். வெட்கப்படவில்லை. "நீங்களாம்மா? சரி, இந்தாங்க" என்று ஒரு ஸ்பேனரை நீட்டினார். "அந்த நட்டைக் கழட்டிக் காட்டுங்க."

மேடம் தரையில் உட்கார்ந்தார். ஒடிந்து கூடிய அந்த மணிக்கட்டு முழுசாக மடங்காது. ஸ்பேனரை இந்தப்பக்கமாக விட்டார், மட்கார்டு தடுத்தது. அந்தப்பக்கமாக விட்டார், வண்டியின் கால் தடுத்தது. கால்வாசிச் சுற்றுக்கூடத் திருப்ப இடமில்லை. மெக்கானிக்குகள் பொறுமையிழந்து நட்டைச் சுத்தியலால் தட்டித் திருப்புகிறார்கள், போல்ட் வளைகிறது. வரைபடத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஸ்பேனரையும் அதைப் பிடிக்கிற கையையும்தான் அவர் வரையவில்லை.

"ப்ச்," என்றார். இது எந்த வகை என்று எனக்குத் தெரியவில்லை. முன்பு கேட்டதில்லை.

"போல்ட்டைத் திருப்பி, நட்டு வெளிப்பக்கமா வர்ற மாதிரிப் போட்டா என்ன?" என்றார் மெக்கானிக்.

"மட்கார்டுல இடிக்கும்."

"எவ்வளவு இடிக்கும்?"

அளந்து பார்த்தார்கள். ஆறு மில்லிமீட்டர். மட்கார்டில் அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றார் மெக்கானிக். வெட்டினால் சேறு உள்ளே வரும் என்றார் மேடம். சேறு இப்பவும் வருகிறது என்றார் அவர். ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, உதிரிபாகம் சுற்றி வந்த காகிதத்தில் மேடம் வரைய ஆரம்பித்தார். மெக்கானிக் எண்ணெய் விரலால் அதிலேயே திருத்தினார். வண்டி எடுக்க வந்த நான்கு பேர் வெளியே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேடம் அந்தக் காகிதத்தை மறுபடி மறுபடி விரித்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "அந்த ஆள் சொன்னது எல்லாமே சரி. அதுதான் எரிச்சலா இருக்கு."

அடுத்த மாதத்திலிருந்து நட்டு வெளிப்பக்கம் வந்தது. மட்கார்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெட்டு விழுந்தது. போல்ட் புகார் நின்றுபோனது. மட்கார்டில் இருக்கிற அந்த வெட்டு பார்க்க அசிங்கமாக இருக்கிறது, அதை ஏதாவது செய்து மறைக்க முடியாதா என்று டைரக்டர் எழுதிக் கேட்டிருந்தார். மேடம் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு ஸ்பேனரையும் அதைப் பிடிக்கிற கையையும் வரைய ஆரம்பித்தார்.